வெள்ளிக்கிழமை நெருப்பு

இலங்கை மலைநாட்டில், லிந்துலையிலிருந்து மேலே ஏறினால் வரும் தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில், பத்துக் காம்பரா வரிசையாக ஒட்டிய ஒரு லயத்தின் கடைசிக் காம்பராவில் நான் பிறந்தேன். காம்பரா என்றால் ஒரே அறைதான். சமைப்பது, படுப்பது, பிள்ளை பெறுவது, செத்தால் கிடத்துவது எல்லாம் அந்த ஒரே அறையில். முன்னால் இஸ்தோப்பு என்று ஒரு சின்னத் தாழ்வாரம். ஜன்னல் கிடையாது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் குதிரை லாயத்துக்கு ஜன்னல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். குதிரைக்கு மூச்சு முட்டும், கூலிக்கு முட்டாது என்று கட்டியவன் நினைத்திருப்பான். நாடு சுதந்திரம் வாங்கி மூன்று நான்கு வருடம் ஆகியும் துரை மாறவில்லை, எங்களுக்கு ஜன்னலும் வரவில்லை.

ஜன்னலுக்குப் பதிலாக எங்களுக்கு ஒன்று இருந்தது. இரண்டு காம்பராக்களுக்கு நடுவே எழுப்பிய சுவர் கூரைத் தகரம் வரை போகாது. மேலே ஒரு முழம் இடைவெளி விட்டிருப்பார்கள். அடுத்த வீட்டுப் புகை நம் வீட்டுக்கு வரும், நம் வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குப் போகும். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் லயத்தில் சுவரைக்கூட முழுசாக மூட வழியில்லை.

அந்த இடைவெளியை அம்மா வேறு விதமாகப் பார்த்தாள். தொழிற்சாலையில் கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, சுவரோரம் கவிழ்த்து வைத்திருந்தாள். அதன்மேல் ஏறி நின்றால் அம்மாவின் தலையும் இரண்டு கையும் அந்தப் பக்கம் போகும். மரவள்ளிக்கிழங்கு அவித்தால் ஒரு கிண்ணம் அந்தப் பக்கம் போகும். சம்பல் அரைத்தால் ஒரு உருண்டை இந்தப் பக்கம் வரும். பக்கத்துக் காம்பராவில் இருந்தவளை நான் சின்னம்மா என்று கூப்பிட்டேன். அவள் அம்மாவை அக்கா என்பாள். ரத்த உறவு ஒன்றும் கிடையாது. இரண்டு பேரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து பறித்தார்கள், வீட்டுக்கு வந்தும் சுவருக்கு மேலாகப் பேசினார்கள். அப்பாவுக்குத் தேயிலைச் செடிகளைக் கழித்து வெட்டும் கவ்வாத்து வேலை. அப்படி என்னதான் பேச இருக்கிறது என்று கேட்பார். "ஒங்களுக்கு என்னா தெரியும்? நீங்க கவ்வாத்து வெட்டத்தான் லாயக்கு" என்பாள் அம்மா. சுவருக்கு அந்தப் பக்கம் சின்னம்மா சிரிப்பாள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு பெருமை உண்டு. அடுப்பு அணையாது. அம்மா கல்யாணமாகி அந்தக் காம்பராவுக்குள் வந்த நாளில் மூட்டிய நெருப்பு என்று சொல்வாள். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கவ்வாத்தில் வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சிகள், மிலாறு என்போம், எரிந்த கங்குகளை ஒன்றாகக் கூட்டி, மேலே சாம்பலை மெத்தையாகப் போட்டு மூடுவாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகுமுன் சாம்பலை விலக்கி ஊதாங்குழலால் நாலு ஊது ஊதினால் சிவந்து கொண்டு வரும். தேத்தண்ணி கொதித்ததும் மறுபடி மூடிவிட்டு மலைக்குப் போவாள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் தீப்பெட்டி நமுத்துப்போகும். பத்துக் குச்சி கிழித்தால் ஒன்று பற்றினால் அதிர்ஷ்டம். அதனால் லயத்தில் பாதிப் பேர் எங்கள் வீட்டில்தான் நெருப்பு வாங்குவார்கள். தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு கங்கு எடுத்து, மேலே கொஞ்சம் சாம்பல் தூவிக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வேலையில் எனக்கு இருந்த மிதப்பு, எங்களை வேலை வாங்கும் கண்டாக்கையாவுக்குக்கூட இருந்திருக்காது.

நெருப்புக்கு இரண்டு சட்டம் உண்டு. கேட்டு வந்தவர் தானாக அடுப்பில் கை வைக்கக் கூடாது. வீட்டுக்காரர் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். இது ஒன்று. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு நெருப்பு, உப்பு, ஊசி மூன்றும் வாசல் தாண்டக் கூடாது, தாண்டினால் லட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்பது இரண்டாவது. எங்கள் வீட்டில் லட்சுமி எங்கே உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. அவள் உட்கார இடமும் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு மூன்றாம் காம்பராக் கிழவர் சுருட்டுப் பற்றவைக்கக் கங்கு கேட்டார். எனக்கு ஞாபகம் இல்லை, கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் மலையில் கவ்வாத்துக் கத்தி வழுக்கி அப்பாவின் காலில் ஆழமாக வெட்டிவிட்டது. இரண்டு வாரம் படுத்துக் கிடந்தார். அம்மா என்னை விளக்கு முன்னால் நிறுத்தினாள். முதுகில் இரண்டு வைத்தாள். "இனிமே வெள்ளிக்கெழம வெளக்கு வச்சப்பொறவு யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன்னு சொல்லு. சாமி மேல சத்தியமா சொல்லு" என்றாள். நான் சொன்னேன். அப்பாவின் கால் வெட்டுப்பட்டது என்னால்தான் என்று நான் முழுக்க நம்பினேன். சரிந்த மலையில் மழைக்காலத்தில் கவ்வாத்து வெட்டச் சொன்னது தோட்டம்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த வருடம் பெருமழைக்கு நடுவில் சின்னம்மாவுக்குக் குழந்தை பிறந்தது. பொம்பிளைப் பிள்ளை. கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த முதல் பிள்ளை. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டதால் உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்தால் அதற்குள் அடங்கும். மருத்துவிச்சி உதட்டைப் பிதுக்கினாள். அம்மாதான், "சூடு கொறையாமப் பாத்துக்கிட்டா தேறிரும்" என்றாள். பிள்ளையைக் கம்பளித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் கணப்புச் சட்டி வைத்தார்கள். அந்தச் சட்டிக்குக் காலையும் மாலையும் கங்கு போனது எங்கள் அடுப்பிலிருந்துதான், பெட்டிமேல் ஏறிச் சுவருக்கு மேலாகத் தகர மூடியில் வைத்து. நடுவில் வந்த வெள்ளிக்கிழமை மட்டும் விளக்கு வைக்குமுன்பே போய்விட்டது. பத்து நாள் பிள்ளை பால் குடித்தது. அழுகைச் சத்தமும் கொஞ்சம் கனத்தது. "கேட்டியாடி, தொண்ட தெறந்துருச்சு!" என்று அம்மா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

பதினோராம் நாள் வெள்ளிக்கிழமை.

காலையிலிருந்தே மழை விடவில்லை. பகலில் காற்று அடித்து, சின்னம்மா காம்பராவின் கூரைத் தகரத்தில் ஒன்றைத் தூக்கிவிட்டது. தண்ணீர் நேராக அடுப்பில் கொட்டியது, கணப்புச் சட்டியிலும் கொட்டியது. சித்தப்பா, அதாவது அவள் புருஷன், பிள்ளைக்கு மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தார். அம்மா இன்னும் கொழுந்து நிறுத்து முடித்து வரவில்லை. அப்பா நொண்டிக்கொண்டே வேலைக்குத் திரும்பியிருந்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, மழை இருட்டைப் பார்த்து, வழக்கத்தைவிட அரைமணி முந்தியே சாமி விளக்கை ஏற்றிவிட்டேன். பெரிய மனுஷி மாதிரி விழுந்து கும்பிட்டேன்.

சின்னம்மா தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். பச்சை உடம்புக்காரி, வெளியே வரவே கூடாது. கையில் சிரட்டை இருந்தது.

"கண்ணு, நெருப்பு நனஞ்சு போச்சுடி. ரெண்டு கங்கு எடுத்துக் குடு."

நான் விளக்கைப் பார்த்தேன். "வெளக்கு வச்சாச்சு சின்னம்மா. வெள்ளிக்கெழம."

"தெரியும்டி. பாப்பாவுக்குத்தான். ஒடம்பு சில்லுன்னு இருக்கு."

"அம்மா குடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

அவள் கண் அடுப்புக்குப் போனது. அடுப்பு அவளுக்கு மூன்றடி தூரத்தில் இருந்தது. சாம்பலுக்கு அடியில் நெருப்பு இருப்பது அவளுக்குத் தெரியும். கை நீட்டி எடுத்திருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு அடுப்பில் கை வைக்கிறவள் அல்ல அவள். "எனக்குமா கண்ணு? அம்மா எனக்குமா குடுக்கக் கூடாதுன்னாங்க?" என்று கேட்டாள்.

இங்கேதான் நான் அந்தப் பொய்யைச் சொன்னேன். சத்தியத்துக்குப் பயம், அப்பாவின் கால் ஞாபகம், அவள் போய்விட்டால் போதும் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து வாயில் வந்தது. "ஆமா சின்னம்மா. காலையில போறப்பவே சொல்லிட்டுத்தான் போனாங்க. ஒங்களுக்கும் குடுக்கக் கூடாதாம்."

சின்னம்மா சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்தாள். அடுத்தடுத்த காம்பராக்களில் கேட்டுப் பார்த்தாள். எல்லாரும் மலையில், அடுப்புகள் குளிர்ந்து கிடந்தன. திரும்பி வந்து தன் காம்பராவுக்குள் போனாள். தீக்குச்சி கிழிக்கிற சத்தம் சுவருக்கு மேலாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அம்மா நனைந்து வந்து சேர்ந்தபோது சித்தப்பாவும் திரும்பி எப்படியோ நெருப்பு மூட்டியிருந்தார். ஈர விறகின் புகை எங்கள் பக்கம் வந்தது. அம்மா பெட்டிமேல் ஏறி, "புள்ள எப்பிடிம்மா இருக்கு?" என்றாள். பதில் இல்லை. "அசதியில தூங்குறா போல" என்று இறங்கிவிட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் மத்தியானம் பிள்ளை இறந்துவிட்டது. சளி கட்டிவிட்டது என்றார் டிஸ்பென்சரி ஐயா. எட்டு மாதப் பிள்ளை, எப்படியும் தங்கியிருக்காது என்றும் சொன்னார். அது உண்மையாகவே இருக்கலாம். இந்த வயதுவரை அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் பிடி நிற்கவில்லை.

தேயிலைக்கு நடுவே சின்னக் குழி வெட்டிப் புதைத்தார்கள். மூன்றாம் நாள் சின்னம்மா எங்கள் இஸ்தோப்பு ஓரத்தில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, ஒரே ஒரு வார்த்த. வெள்ளிக்கெழம எனக்கு நெருப்புக் குடுக்கக் கூடாதுன்னு நீங்களா சொன்னீங்க?"

அம்மாவின் கைகள் அப்படியே நின்றன. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன். சாணி மெழுகிய தரையில் விரல் ஓட்டிய வளைவுகள் எனக்கு இன்றும் கண்ணில் நிற்கின்றன. அம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஆமா. நாந்தான் சொன்னேன்" என்றாள்.

சின்னம்மா தலையை ஆட்டினாள், போய்விட்டாள். அம்மா என்னை அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து வெகுநேரம் சாம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு எனக்குத் தலை சீவிவிட்டாள். அன்று அடித்திருந்தால் நான் அழுதிருப்பேன், உண்மையைக் கத்தியிருப்பேன். சுவர்தான் முழுசாக இல்லையே, அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு சுவருக்கு மேலாகப் புகையைத் தவிர எதுவும் வரவில்லை. சின்னம்மா வேறு நிரைக்கு மாற்றிக்கொண்டு போனாள். மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடிக்க அம்மா போனால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகுவாள். எங்கள் வீட்டு நெருப்பை மறுபடி அவள் வாங்கவே இல்லை. நமுத்த குச்சியாக இருந்தாலும் அரைப் பெட்டி கிழித்துத் தானே மூட்டுவாள். அவளுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. பச்சைப் பிள்ளைக்காரிக்கு நெருப்புக் கொடுக்காத மகராசி என்று லயமே அம்மாவைப் பேசியது. நல்லது கெட்டதுகளில் அம்மா கையால் விளக்கேற்றச் சொல்வதை நிறுத்தினார்கள். நெருப்பு கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். அம்மா மட்டும் வெள்ளிக்கிழமைச் சட்டத்தை விட்டுவிட்டாள். யார் கேட்டாலும், விளக்கு எரியும்போதே, எடுத்துக் கொடுத்தாள்.

தேயிலைப் பெட்டி அதே இடத்தில் கிடந்தது. இடத்தை அடைக்கிறது, உடைத்து அடுப்பில் வைக்கலாம் என்று அப்பா பல தடவை சொன்னார். "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்று அம்மா விடவில்லை.

நான் வளர்ந்தேன். சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். இந்தப் பொங்கலுக்குச் சொல்லலாம், பெரிய பிள்ளையான பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பது சும்மா சொன்னதில்லை. பதினெட்டு வயதில் பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். புறப்படும்போது அம்மா என் காதோரம் குனிந்து சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "போற எடத்துல யாரு நெருப்புக் கேட்டாலும் குடுத்துரு. நாளு கெழம பாக்காத." அந்தச் சம்பவத்தைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அவ்வளவுதான். பஸ்ஸில் அழுதேன். அம்மாவைப் பிரிகிற அழுகை என்று என் புருஷன் நினைத்துக்கொண்டார்.

இரண்டு வருடத்தில் ஆள் வந்து சொன்னான். மலையில் கூடையோடு சரிந்த அம்மா எழவில்லையாம். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை அறை நடுவே கிடத்தியிருந்தார்கள். அவள் தலைமாட்டிலிருந்து கை எட்டும் தூரத்தில் அடுப்பு. மூடி வைக்க ஆளில்லாமல் அணைந்து போயிருந்தது. சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால் யாரும் கவனிக்கவும் இல்லை. நான் சாம்பலுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அம்மாவின் கையைத் தொட்டபோதுகூட நான் அப்படி அலறவில்லை.

எடுத்து, அடக்கம் செய்து, பால் தெளித்து முடித்தோம். அதுவரை லயத்துக்காரர்கள்தான் சோறு கொண்டுவந்தார்கள். இனி எங்கள் அடுப்பை எரிய விடலாம். அப்பா இஸ்தோப்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் சாமி விளக்கை ஏற்றிவிட்டு, வெறும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நிழல் தட்டியது. சின்னம்மா. தலை நரைத்திருந்தது. கையில் சிரட்டை, அதில் கங்கு, மேலே சாம்பல்.

"அடுப்ப மூட்டுடி. அப்பா பசியா இருப்பாரு" என்றாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கெழம சின்னம்மா. வெளக்கு வச்சாச்சு."

"தெரியும்" என்றாள்.

பதினோரு வருடத்தில் அன்றுதான் எங்கள் காம்பராவுக்குள் கால் வைத்தாள். அடுப்பின் முன் குந்தி, கங்கைக் கொட்டி, மிலாறு குச்சிகளை அடுக்கி ஊதினாள். தீ பிடித்து எழும்பியபோது அவள் முகம் வெளிச்சத்தில் தெரிந்தது. என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சின்னம்மா, அன்னைக்கு அம்மா எதுவும் சொல்லல. ஒங்களுக்குக் குடுக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லவேயில்ல. நாந்தான் பொய் சொன்னேன். அம்மா எனக்காகப் பழிய ஏத்துக்கிட்டாங்க."

ஊதாங்குழலை வாயிலிருந்து எடுத்தாள். என்னை அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் கவிழ்ந்து கிடந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத இன்னுமா வச்சிருந்தா?"

"எடுக்க விடல."

"ஏறி நிப்பா" என்றாள் சின்னம்மா. "நீ பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனப்பறம், ஒங்கப்பா இல்லாத நேரமாப் பாத்து. பலக கிறீச்சுங்கும். மூச்சு வாங்குறது கேக்கும். என்னமோ சொல்ல வாரா, சொல்லட்டும்னு நானும் சட்டியக் கழுவிக்கிட்டே நிப்பேன். சொல்ல மாட்டா. கொஞ்ச நேரம் நின்னுட்டு எறங்கிருவா. 'தெரியாமச் சொல்லிட்டேன் தங்கச்சி'ன்னு ஒரு வார்த்த சொன்னா கட்டிப்புடிச்சு அழுதுருப்பேன்டி. அந்த ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்குறாளே, அம்புட்டு நெஞ்சழுத்தமான்னுதான் நான் ஒருநாளும் திரும்பிப் பாக்கல."

சொல்லாததைச் சொன்னேன் என்று அம்மா எப்படி மன்னிப்புக் கேட்பாள்? சொல்லவில்லை என்றால் என்னைக் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவள் பெட்டிமேல் ஏறி ஏறி இறங்கியிருக்கிறாள்.

"எம்புள்ள போனது விதின்னு எப்பவோ மனசத் தேத்திக்கிட்டேன்" என்றாள் சின்னம்மா. எழுந்து, சிரட்டையை எடுத்துக்கொண்டாள். "எங்கக்காவையும் எங்கிட்டருந்து புடுங்கிட்டியேடி. அவ இருக்கப்பச் சொல்லியிருக்கலாம்ல? ஒருநா முன்னாடி சொல்லியிருந்தாக்கூடப் போயி அவ கையப் புடிச்சிருப்பேனே."

போய்விட்டாள். அடுப்பு நன்றாக எரிந்தது. நான் உலை வைத்தேன், அரிசி களைந்து போட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

பெட்டிமேல் ஏறினேன். பலகை கிறீச்சிட்டது. இடைவெளி வழியாகப் பார்த்தால் சின்னம்மா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். பலகைச் சத்தத்தில் அவள் கை ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தேய்த்தது. நான் சோறு கொதித்துப் பொங்கும்வரை அங்கேயே நின்றேன். அவள் திரும்பவில்லை.